பொம்மை ரயிலுக்கு எழுபது மார்க்

முதல்ல ஒரு சின்ன வேலை செய்யுங்க. உங்க சர்டிபிகேட் ஃபைலை எடுங்க. கண்டிப்பா ஒன்று இருக்கும். பிளேஸ்மென்ட்டுக்காக வாங்கி வைத்தது, பிளாஸ்டிக் கவர் போட்டது. அதில் உள்ள ஒவ்வொரு காகிதத்தையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதை வாங்குவதற்கு முன்னாடி எனக்குத் தெரியாமல் இருந்து, வாங்கியபோது தெரிந்துகொண்ட விஷயம் என்ன?"

என் ஃபைலில் 23 இருக்கு. மூன்றுக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதி இருபதில் பாதி வெபினார். கேமராவை ஆஃப் பண்ணிட்டு, கடைசியில் ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பினால் சாயங்காலம் மெயிலில் வந்துவிடும். பேர் ஸ்பெல்லிங் கூட நாமே டைப் செய்வதுதான்.

இதைப் படிச்சிட்டு "சர்டிபிகேட்னாலே சும்மா" என்று முடிவு கட்டிடாதீங்க. ஒரு சர்டிபிகேட் எப்படி இருந்தால் அதை வாங்கப் பாடுபடுவதே ஒரு படிப்பாகும் என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. அதற்கு நல்ல பதில் கிடைத்த இடம் கொஞ்சம் எதிர்பாராதது: அமெரிக்காவில் வீட்டு பேஸ்மென்ட்டில் மாடல் ரயில் ஓட்டுகிறவர்களிடம். அவர்களுக்கு ஒரு சாதனைத் திட்டம் இருக்கு. அதன் விதிமுறைகளை ஒரு எஞ்சினியரிங் மாணவன் படித்தால், நம் சிலபஸ் எழுதுகிறவர்களும் ஒருமுறை படிக்கலாமே என்று தோன்றும்.

பொம்மை என்று சொல்லாதீங்க

மாடல் ரயில் என்றால் திருவிழாக் கடையில் வாங்கும் சாவி கொடுத்து ஓட்டும் ரயில் இல்லை. எல்லாம் அளவுப்படி. அதிகம் பேர் பயன்படுத்தும் அளவுக்கு எச்.ஓ. என்று பெயர். அதில் உண்மையான 1 அடி என்பது 3.5 மில்லிமீட்டர், விகிதம் சுமார் 1:87. 40 அடி நீளமுள்ள சரக்குப் பெட்டி 14 சென்டிமீட்டர் ஆகிவிடும். 85 அடி பயணிகள் பெட்டி கிட்டத்தட்ட நம் 30 சென்டிமீட்டர் ஸ்கேல் நீளம். அதே கணக்கில் ஒரு மைல் தூரம் போட 18.5 மீட்டர் தண்டவாளம் வேணும். ஒரு அறைக்குள் ஒரு மைல் கூட நேராகப் போட முடியாது. அதனால் வளைவு, ஏற்றம், இறக்கம், சுரங்கம், பாலம், யார்டு எல்லாவற்றையும் யோசித்துத் திட்டமிடணும். இப்படிக் கட்டிய மொத்த அமைப்பை லேஅவுட் என்பார்கள்.

1935-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இந்த ஆர்வலர்கள் சேர்ந்து நேஷனல் மாடல் ரெயில்ரோடு அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். சுருக்கமாக என்.எம்.ஆர்.ஏ. அப்போது இருந்த பெரிய தலைவலி, ஒரு கம்பெனி செய்த பெட்டி இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் ஒழுங்காக ஓடாது என்பது. சக்கரத்தின் விளிம்பு, தண்டவாள இடைவெளி, பாயிண்ட்டில் விடும் சந்து என்று எல்லாவற்றுக்கும் பொது அளவு குறித்ததுதான் சங்கத்தின் முதல் பெரிய வேலை. இன்றைக்கு உலகம் முழுவதும் மாடல் ரயிலை டிஜிட்டலாக ஓட்டும் டி.சி.சி. முறைக்கும் ஸ்டாண்டர்டு வெளியிட்டது இதே சங்கம்தான். அதன் அடிப்படை வேலையைச் செய்தது லென்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனி.

ஆக, இது ஸ்டாண்டர்டு எழுதத் தெரிந்த கூட்டம். பெட்டிக்கும் தண்டவாளத்துக்கும் ஸ்டாண்டர்டு எழுதியவர்கள், அதைச் செய்கிற ஆளின் திறமைக்கும் ஒன்று எழுதினார்கள். அதுதான் சாதனைத் திட்டம்.

பதினொன்றில் ஏழு

திட்டத்தின் எலும்புக்கூடு இதுதான். மொத்தம் 11 சர்டிபிகேட். அவை நான்கு பிரிவாகப் பிரிந்திருக்கும்.

முதல் பிரிவு, ஓடுகிற பொருள்கள்: எஞ்சின் ஒன்று, பெட்டிகள் ஒன்று என இரண்டு சர்டிபிகேட்.

இரண்டாவது, சுற்றுப்புறம்: கட்டடங்கள், இயற்கைக் காட்சி, உண்மையான ஓர் இடத்தை அப்படியே செய்துகாட்டுவது என மூன்று.

மூன்றாவது, எஞ்சினியரிங்கும் இயக்கமும்: சிவில், எலெக்ட்ரிக்கல், தலைமை டிஸ்பேச்சர் என மூன்று.

நான்காவது, ஹாபிக்குச் செய்யும் தொண்டு: சங்கப் பொறுப்பு, தன்னார்வ வேலை, எழுத்து என மூன்று.

இதில் ஏதாவது ஏழு வாங்கினால் 'மாஸ்டர் மாடல் ரெயில்ரோடர்' பட்டம். ஆனால் ஒரு கண்டிஷன்: நான்கு பிரிவிலும் குறைந்தது ஒன்றாவது இருக்கணும்.

திட்டத்தின் உயிரே அந்தக் கண்டிஷனில்தான் இருக்கு. நீங்க அற்புதமாக எஞ்சின் செய்கிற ஆளாக இருக்கலாம். ஆனால் ஒரு வயர் கூட இணைக்கத் தெரியாது, நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை என்றால் மாஸ்டர் ஆக முடியாது. நல்லா வருகிற வேலையையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு காலம் தள்ளும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. லேப் குரூப்பில் பாருங்க: ஒருத்தன் எப்பவும் கோடிங், ஒருத்தி எப்பவும் ரிப்போர்ட், ஒருத்தன் எப்பவும் பிபிடி. நாலு வருஷம் கழித்தும் கோடிங் செய்தவனுக்கு ரிப்போர்ட் எழுத வராது. இந்தத் திட்டம் அந்தச் சொகுசைக் கொடுப்பதில்லை.

125 மார்க் எப்படிப் பிரிகிறது

இப்ப ஒரு சர்டிபிகேட்டை மட்டும் எடுத்து உள்ளே போய்ப் பார்ப்போம். பெட்டிகளுக்கான சர்டிபிகேட்டுக்கு எட்டு பெட்டி செய்யணும். அவற்றில் குறைந்தது நான்கு வகை இருக்கணும், ஒன்று பயணிகள் பெட்டியாக இருக்கணும். எட்டில் நான்காவது 'ஸ்கிராட்ச்பில்ட்' ஆக இருக்கணும். அதாவது கிட் வாங்கி ஒட்டாமல், மரம், பிளாஸ்டிக் தகடு, உலோகக் கம்பி போன்ற கச்சாப் பொருளிலிருந்து தானே செய்தது. சக்கரம், கப்ளிங் போன்ற சிலவற்றைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

எட்டில் நான்கு பெட்டிகள் 'மெரிட்' மதிப்பெண் பெறணும். மொத்த மார்க் 125. பாஸ் மார்க் 87.5. அதாவது சரியாக 70 சதவீதம். பிரிவு இப்படி:

கட்டுமானம் – 40
நுணுக்கம் – 20
உண்மையோடு ஒத்துப்போதல் – 25
பெயிண்ட்டும் எழுத்தும் – 25
தானே செய்த அளவு – 15

இந்த எண்களைக் கொஞ்சம் நேரம் பாருங்க. நிறைய சொல்லும்.

அதிக மார்க் கட்டுமானத்துக்கு. மூலைகள் செங்கோணமா? ஜாயின்ட்டில் பசை வழிந்திருக்கா? நாலு சக்கரமும் தண்டவாளத்தில் படுதா? அழகு அப்புறம்தான், முதலில் வேலை சுத்தம்.

தானே செய்ததற்கு 15 மட்டுமே. எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான். எல்லாவற்றையும் கையாலேயே செய்தேன் என்ற பெருமைக்கு ஓரளவு மதிப்பு உண்டு. ஆனால் கோணலாகச் செய்த சொந்தப் படைப்பைவிட, வாங்கிய உதிரிகளை வைத்து நேர்த்தியாகச் செய்தது அதிக மார்க் வாங்கும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மூன்றாவது வரி. உண்மையோடு ஒத்துப்போதல், 25 மார்க். நீங்க செய்த பெட்டி உண்மையான ரயில்வேயில் இருந்த மாதிரியே இருக்கு என்று நீங்க சொன்னால் போதாது; காட்டணும். பழைய போட்டோ, டிராயிங், அளவு என்று ஆதாரம் கூடவே வைக்கணும். ஆதாரமே இல்லாமல் போய் அந்த வரியில் பூஜ்யம் விழுந்தால் என்ன ஆகும்? மீதி இருப்பது 100 மார்க், பாஸ் ஆக அதில் 87.5 எடுக்கணும். ஒரு போட்டோ தேடச் சோம்பல்பட்டதற்காக 70 சதவீதப் பரீட்சை 87.5 சதவீதப் பரீட்சையாக மாறிவிடும்.

அதனால் பெட்டி செய்கிறவர் ஒருவர் பசையைத் திறப்பதற்கு முன்பே ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கு. எந்த ரயில்வே, எந்த வருஷம், கதவு எந்தப் பக்கம் நகரும், ஏணி எத்தனை படி, பிரேக் சக்கரம் எங்கே. 14 சென்டிமீட்டர் பொம்மைக்குப் பின்னால் ஒரு லிட்டரேச்சர் சர்வே. நாம் கடைசி நாள் ராத்திரி ஐந்து பேப்பரின் தலைப்பை காப்பி செய்து செகண்ட் சாப்டரை முடிக்கிறோமே, அந்த லிட்டரேச்சர் சர்வே இல்லை.

இன்னொரு முக்கியமான விஷயம்: இது போட்டி இல்லை. முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. பக்கத்து மேஜைக்காரர் எவ்வளவு நல்லா செய்தார் என்பது உங்க மார்க்கைத் தொடாது. கோடு 87.5-ல் இருக்கு, தாண்டினால் தாண்டினது. தாண்டவில்லை என்றால் எந்த வரியில் குறைந்தது என்று தெரியும், வீட்டுக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு வரலாம். ரேங்க் பார்த்தே வளர்ந்த நமக்கு இது புரியவே கொஞ்சம் நேரம் ஆகும்.

ஒரு லூப், ஒரு ஷார்ட் சர்க்யூட்

ஈ.சி.இ., ட்ரிபிள் ஈ நண்பர்களுக்காக எலெக்ட்ரிக்கல் சர்டிபிகேட்டையும் பார்த்துவிடுவோம்.

மாடல் ரயிலில் இரண்டு தண்டவாளமும் இரண்டு வயர் மாதிரி. பழைய டி.சி. முறையில் ஒன்று பாசிடிவ், மற்றது நெகடிவ். சக்கரம் வழியாகக் கரண்ட் மோட்டாருக்குப் போகும். போலாரிட்டியை மாற்றினால் ரயில் பின்னால் ஓடும். எளிமை.

இப்ப ஒரு பேப்பரில் வரையுங்க. பாதை நேராகப் போய், பலூன் மாதிரி வளைந்து, ஒரு பாயிண்ட் வழியாக வந்த பாதையிலேயே திரும்பச் சேருகிறது. இடது தண்டவாளத்தை சிவப்பு மையிலும் வலது தண்டவாளத்தைக் கறுப்பு மையிலும் வரையுங்க. சுற்றி வந்து சேரும் இடத்தில் என்ன ஆச்சு? சிவப்பு நேராகக் கறுப்பில் போய் முட்டுது. ரயிலே இல்லாமல் ஷார்ட் சர்க்யூட்.

இதற்கு வழி, லூப்பின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி, அந்தப் பகுதியைத் தனியாக இன்சுலேட் செய்வது. ரயில் முழுசாக அந்தப் பகுதிக்குள் இருக்கும்போது, வெளியே மெயின் லைனின் போலாரிட்டியை ஒரு டி.பி.டி.டி. சுவிட்ச் போட்டு மாற்றிவிட்டால், ரயில் நிற்காமல் வெளியே வந்துவிடும். அந்தப் பகுதி ரயிலைவிட நீளமாக இருக்கணும். இல்லாவிட்டால் முன் சக்கரம் ஒரு போலாரிட்டியிலும் பின் சக்கரம் இன்னொன்றிலும் நின்று மறுபடி ஷார்ட்.

டி.சி.சி. வந்த பிறகு தண்டவாளத்தில் ஓடுவது சும்மா டி.சி. இல்லை. போலாரிட்டி மாறிமாறி வரும் பல்ஸ். அதுவே பவர், அதுவே டேட்டா. ஒரு பாதிப் பல்ஸ் 58 மைக்ரோசெகண்ட் என்றால் அது 1. 100 மைக்ரோசெகண்டோ அதற்கு மேலோ என்றால் 0. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் இருக்கும் டீகோடர் தனக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். இவ்வளவு நவீனம் ஆனாலும் அந்த லூப் ஷார்ட் அப்படியேதான் இருக்கு. இப்ப அதைக் கண்டுபிடித்துத் தானாகவே மாற்ற ஆட்டோ ரிவர்சர் என்ற சர்க்யூட் வந்திருக்கு, அவ்வளவுதான்.

சர்டிபிகேட்டின் விதியைப் பாருங்க: இரண்டு ரயில்களைத் தனித்தனியாக ஒரே நேரத்தில் ஓட்டிக்காட்டணும். ஒரு பாசிங் லைன் இருக்கணும். மூன்று லைனாவது உள்ள யார்டு இருக்கணும். அப்புறம் லூப், ஒய் வடிவப் பாதை, டர்ன்டேபிள், டிரான்ஸ்பர் டேபிள் இவற்றில் ஒன்றாவது இருக்கணும். இந்தக் கடைசி விதியால் போலாரிட்டி பிரச்சினையை யாரும் சுற்றிக்கொண்டு போக முடியாது. சும்மா வட்டமாக ஓடும் ரயில் வைத்திருப்பவருக்கு அது வாழ்நாள் முழுக்க வராமலே போகலாம். எந்த இடத்தில் ஆள் திணறுவாரோ அந்த இடத்தைத் தேடிப்பிடித்து விதியாக வைத்திருக்கிறார்கள். அதைச் செய்து, சர்க்யூட் டயகிராமும் வரைந்து கொடுத்த பிறகுதான் காகிதம். நல்ல சர்டிபிகேட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆறு ரயில், ஒற்றைப் பாதை

தலைமை டிஸ்பேச்சர் சர்டிபிகேட்டுக்குப் பசையும் வேண்டாம், பெயிண்ட்டும் வேண்டாம். சொந்தமாக லேஅவுட் கூட வேண்டாம். நண்பர் வீட்டிலோ கிளப்பிலோ செய்யலாம். மொத்தம் 50 மணி நேரம் ரயில் இயக்கத்தில் பங்கெடுக்கணும். அதில் எஞ்சின் டிரைவர், யார்டு மாஸ்டர் என்று மூன்று வெவ்வேறு வேலைகளில் குறைந்தது பத்துப் பத்து மணி நேரம். மூன்றில் ஒன்று டிஸ்பேச்சர் வேலையாக இருந்தே ஆகணும். நம்ம ஊர் ரயில்வேயில் செக்‌ஷன் கன்ட்ரோலர் என்கிறோமே, அவர் வேலை மாதிரி.

அதோடு இரண்டு திசையிலும் ஓடும் ஆறு ரயில்களுக்காவது டைம்டேபிள் போடணும். எந்த ஸ்டேஷனில் எது ஒதுங்கி நிற்கும், எது தாண்டும் என்பதை வரைபடமாகக் காட்டணும். ஒரு அச்சில் நேரம், இன்னொன்றில் தூரம், ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. இரண்டு கோடு வெட்டிக்கொள்ளும் இடம் ஸ்டேஷனாக இல்லாமல் நடுவழியாக இருந்தால், ஒற்றைப் பாதையில் அது நேருக்கு நேர் மோதல். இந்திய ரயில்வேயின் கன்ட்ரோல் அலுவலகத்தில் வரைகிற சார்ட்டும் இதே நேரம்–தூரம் வரைபடம்தான்.

ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் டெட்லாக் படிச்சிருப்பீங்க. நாலு கண்டிஷனையும் மனப்பாடம் செய்து பதின்மூன்று மார்க்குக்கு எழுதியிருப்பீங்க. ஒற்றைப் பாதையில் ஒரே ஒரு பாசிங் லைன் உள்ள ஸ்டேஷனுக்கு மூன்று ரயிலை அனுப்பிவிட்டு, எதுவும் நகர முடியாமல் நாலு பேர் உங்களையே முறைத்துப் பார்க்கும்போது அந்த நாலு கண்டிஷனும் ஜென்மத்துக்கும் மறக்காது.

சொல்லிக்கொடுத்தால்தான் முடியும்

நான்காவது பிரிவைப் பலர் வேண்டாவெறுப்பாகப் பார்ப்பார்கள். கட்டுரை எழுதுவது, கிளப் வேலை செய்வது, பொறுப்பு ஏற்பது. "நான் நல்லா செய்கிறேன், அது போதாதா?" என்று தோன்றும்.

போதாது என்கிறது திட்டம். யோசித்துப் பார்த்தால் நியாயம். அந்த லூப்புக்கு வயர் போடும் வழியை யாரோ ஒருவர் படம் போட்டு எழுதி வைத்ததால்தானே அடுத்தவர் கற்றார்? உங்க பெட்டியைப் பார்த்து மார்க் போடுகிறவரும் சம்பளம் வாங்குகிற ஆள் இல்லை. தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து வந்த இன்னொரு ஹாபிக்காரர். அவர் கொடுத்ததை நீங்க இன்னொருவருக்குக் கொடுக்கும் வரை வட்டம் முடியாது. நம்ம சீனியர் நோட்ஸ் ஜூனியருக்குப் போகும் வழி மாதிரி. போகாமல் நின்றுபோன டிபார்ட்மென்ட்டின் கதியும் நமக்குத் தெரியும்.

"ஹாபிக்கு எதுக்குப்பா பரீட்சை?"

இந்தக் கேள்வியை மாடல் ரயில்காரர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாள் முழுக்க ஆபீஸில் மேலதிகாரி மார்க் போடுகிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரயில் ஓட்டும்போதும் ஒருத்தர் பேனா எடுத்துக்கொண்டு வரணுமா? பேத்தியோடு சேர்ந்து சும்மா ஓட்டி ரசிக்கிறவருக்கு 87.5 எதற்கு? ஒரு சர்டிபிகேட்டும் இல்லாத அருமையான கலைஞர்களும் இருக்கத்தான் செய்வார்கள். இந்தக் காகிதத்துக்குச் சம்பள உயர்வும் கிடையாது, வேலையும் கிடையாது.

இதற்கு என் பதில்: முழுக்க விருப்பம். கட்டாயம் இல்லை என்பதே அதன் பலம். யாரும் கேட்காத, எந்தக் கம்பெனியும் மதிக்காத ஒரு காகிதத்துக்காக ஒருவர் வருஷக்கணக்கில் எட்டுப் பெட்டி செய்கிறார் என்றால், அவருக்கு அந்த எட்டுப் பெட்டிதான் வேணும். காகிதம் ஒரு சாக்கு. நம்ம ஃபைலில் நிலைமை தலைகீழ். நமக்குக் காகிதம்தான் வேணும். வெபினார் ஒரு சாக்கு.

புதிதாக வருகிறவர் பயப்படாமல் இருக்க ஒரு முதல் படியும் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் கோல்டன் ஸ்பைக். 1869 மே 10-ல் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையின் கடைசி ஆணியாக யூட்டாவில் தங்க ஆணி வைத்தார்களே, அந்த நினைவில் வைத்த பெயர். இதற்கு 125 மார்க் எல்லாம் கிடையாது. ஆறு பெட்டி, எட்டு சதுர அடி இயற்கைக் காட்சி, ஐந்து கட்டடம், மூன்று வகைத் தண்டவாள அமைப்பு, இரண்டு ரயில் ஓடும்படி வயரிங், கூடவே ஒரு எலெக்ட்ரிக்கல் வசதி. எட்டு சதுர அடி என்றால் ஹாஸ்டல் மேஜை அளவு என்று வைத்துக்கொள்ளுங்க. தொடங்க அது போதும்.

நாற்பது மணி நேரம், ஒரு சாவி

எஞ்சினியரிங் காலேஜுக்கும் மாடல் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. இது என்.எம்.ஆர்.ஏ. திட்டம் இல்லை, ஆனால் அதே புத்தி.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-ல் மாணவர்கள் ஒரு மாடல் ரயில் கிளப் தொடங்கினார்கள். மேலே மலை, பாலம், ரயில். கீழே, மேஜைக்கு அடியில், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களால் கட்டிய ஒரு பெரிய கன்ட்ரோல் சிஸ்டம். அதைப் பார்த்துக்கொண்டது சிக்னல்ஸ் அண்ட் பவர் என்ற துணைக்குழு. 1950-களின் கடைசியில் அந்தக் குழுவில் இருந்தவர்கள்தான் இரவில் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தார்கள். 'ஹேக்' என்ற சொல்லை இன்று நாம் பயன்படுத்தும் அர்த்தத்துக்குக் கொண்டுவந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு. 1962-ல் பி.டி.பி.-1 கம்ப்யூட்டரில் ஸ்பேஸ்வார் விளையாட்டை எழுதிய ஸ்டீவ் ரஸ்ஸலும் இந்தக் கிளப்பின் ஆள்தான்.

அந்தக் கிளப்பில் ஒரு பழக்கம் இருந்தது. லேஅவுட்டில் 40 மணி நேரம் வேலை செய்தால் அறையின் சாவி உங்க கைக்கு வரும். அவ்வளவுதான் பரிசு. பேப்பர் இல்லை, மெடல் இல்லை. சாவி கிடைத்தால் என்ன கிடைக்கும்? இன்னும் அதிக நேரம் வேலை செய்யும் உரிமை.

ஒரு நல்ல சர்டிபிகேட் அப்படித்தான் இருக்கணும். அடுத்த கதவைத் திறக்கணும்.

என் புராஜெக்ட்டுக்கு நானே போட்ட மார்க்

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு ஓடக்கூடாது. அதனால் அந்த 125 மார்க் அட்டவணையை என் மூன்றாம் வருஷ மினி புராஜெக்ட் மேல் போட்டுப் பார்த்தேன். ஸ்மார்ட் டஸ்ட்பின். (சிரிக்காதீங்க. உங்க செட்டிலும் ரெண்டு இருக்கும்.) ஒரு சிம்போசியத்தில் இரண்டாம் பரிசு வாங்கியது. 23-ல் அதுவும் ஒன்று.

கட்டுமானம்: சென்சார் ஹாட் குளூவில் தொங்கியது, ஜம்பர் வயர் தொட்டால் கழலும். 40-க்கு 18. நுணுக்கம்: 20-க்கு 6. உண்மையோடு ஒத்துப்போதல்: ஒரு உண்மையான குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நான் போய் நின்றதே இல்லை. 25-க்கு 5, அதுவும் இரக்கப்பட்டு. பெயிண்ட்டும் எழுத்தும்: 25-க்கு 10. தானே செய்தது: கிட் கடையில் வாங்கியது, கோடு டவுன்லோடு. 15-க்கு 2.

கூட்டினால் 41. கிட்டத்தட்ட 33 சதவீதம். அரியர்.

பரிசு கொடுத்தவர்கள் அன்றைக்கு வந்த மற்ற ஸ்டால்களோடு ஒப்பிட்டார்கள். இந்த அட்டவணை வேலையை வேலையோடு மட்டும் ஒப்பிட்டது. ஒரே பொருளுக்கு ஒன்று இரண்டாம் பரிசு தந்தது, இன்னொன்று எங்கெங்கே ஓட்டை என்று கை காட்டியது. எது எனக்கு உபயோகம் என்று நீங்களே சொல்லுங்க.

இந்த செமஸ்டர் அதே குப்பைத்தொட்டியைத் திரும்ப எடுத்தேன். ஹாஸ்டல் மெஸ் தொட்டிக்குப் பக்கத்தில் நோட்டோடு ஒரு வாரம் உட்கார்ந்தேன். குப்பை சமதளமாக நிரம்பாது, ஒரு பக்கம் மலை மாதிரி குவியும். கசங்கிய பிளாஸ்டிக் கவரில் பட்ட அல்ட்ராசோனிக் ஒலி நேராகத் திரும்பி வராமல் சிதறும். தொட்டி நிறைந்திருந்தாலும் சென்சார் காலி என்று சொல்லும். போன வருஷம் மேடையில் காட்டும்போது இது தெரியவே இல்லை, ஏனென்றால் நான் தொட்டிக்குள் போட்டது தட்டையான ஒரு அட்டைப் பெட்டி. இப்ப இரண்டு சென்சார், கொஞ்சம் சாய்த்து வைத்த பிராக்கெட், சொந்தமாக சால்டர் செய்த போர்டு. மார்க் 74. இன்னும் 87.5 வரல. எந்த இரண்டு வரியில் குறையுது என்று மட்டும் தெரியும்.

நீங்க என்ன செய்யலாம்

மாடல் ரயில் செய்யுங்க என்று நான் சொல்லவில்லை. செலவு இருக்கு, இடம் வேணும். விருப்பம் இருப்பவர் தாராளமாகத் தொடங்கலாம். தொடங்குமுன் அப்போதைய விதிகளை ஒருமுறை படிச்சிடுங்க, அவ்வப்போது திருத்துவார்கள். மற்றவர்கள் இதிலிருந்து நான்கு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த சர்டிபிகேட்டுக்குப் பணம் கட்டும் முன் கேளுங்க:

ஒன்று: இதை வாங்க நான் ஏதாவது செய்து காட்டணுமா, உட்கார்ந்திருந்தால் போதுமா?

இரண்டு: எனக்கு வராத வேலை ஒன்றையாவது இது செய்யச் சொல்லுதா?

மூன்று: தோற்றால் எங்கே தோற்றேன் என்று சொல்லுமா?

நான்கு: முடிந்த பிறகு இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஏதாவது இருக்குமா?

நான்குக்கும் ஆமாம் என்றால் யோசிக்காமல் சேருங்க. நான்குக்கும் இல்லை என்றால் அந்த ஒரு மணி நேரம் தூங்குங்க, உடம்புக்காவது நல்லது.

அப்படி ஒரு சர்டிபிகேட் நம்ம காலேஜில் கிடைக்கவில்லையா? ஒரு பேப்பரை எடுத்து ஐந்து வரி எழுதுங்க. 125 மார்க்கைப் பிரிங்க. உங்க புராஜெக்ட்டை மேஜை மேல் வைத்து, உங்களை அவ்வளவாகப் பிடிக்காத ஒரு நண்பரைக் கூப்பிட்டு மார்க் போடச் சொல்லுங்க. என்னுடையதுக்கு ரிவ்யூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மெஸ் வாசலில் அப்படித்தான் மார்க் போடப் போகிறோம். வர விரும்புகிறவர்கள் வாங்க. பேனா நீங்களே கொண்டு வரணும்.